அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்ததா, நின்றதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். ‘தி லைட் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. அதில் சிக்கல் இல்லை. ஆனால் ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அடித்தது என்கிறார்களே, அது எப்படி? போதாக்குறைக்கு, ‘தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்’ என்றால் பால் கெட்டுவிட்டது என்கிறது அகராதி. இதற்கெல்லாம் ஏதாவது விதி உண்டா, இல்லை உருப்போட்டுத்தான் ஆக வேண்டுமா? கூடவே, அலுவலக மின்னஞ்சலில் ‘கோ ஆஃப்’ எழுதலாமா என்று ஒரு துணைக்கேள்வி. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவருகிறேன். அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் இதில் வந்து முட்டிக்கொள்வார். உங்களுக்கு அர்த்தங்களின் பட்டியல் தேவையில்லை என்று நினைக்கிறேன், அது எந்த அகராதியிலும் கிடைக்கும். இதுவரை பார்க்காத ஒரு வாக்கியம் எதிரில் வரும்போது, அதில் ‘கோ ஆஃப்’ என்ன சொல்கிறது என்று எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

குழப்பத்துக்கு ஆங்கிலத்தைவிட நம் தமிழ்தான் பெரிய காரணம். ‘ஆஃப்’ என்ற சொல் நமக்குச் சின்ன வயதிலேயே சுவிட்சோடு சேர்ந்து வந்துவிட்டது. ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டார் ஆஃப் ஆயிடுச்சு, போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிவிட்டால் ‘ஆளு ஆஃப் ஆயிட்டான்’ என்கிறோம். ‘இன்னைக்கு எனக்கு ஆஃப்’ என்று விடுமுறையைச் சொல்வதும் இதே ஜாடைதான். ஆக, தமிழுக்குள் குடியேறிய ‘ஆஃப்’ ஒரே ஒரு வேலையைத்தான் பார்க்கிறது: ஓடிக்கொண்டிருந்தது நின்றது என்று சொல்கிறது. அந்தக் காதோடு ‘அலாரம் வென்ட் ஆஃப்’ என்பதைக் கேட்டால் அலாரம் நின்றது என்றுதான் விழும். உங்கள் மூளை தப்பாக எதையும் செய்யவில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் அடிப்படை வேறு. சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தால் ‘தி பட்டன் கேம் ஆஃப்’. செருப்பைக் கழற்றச் சொன்னால் ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’. ஏணியிலிருந்து விழுந்தவர் ‘ஃபெல் ஆஃப் தி லேடர்’. புல்தரையில் நடக்காதே என்றால் ‘கீப் ஆஃப் தி கிராஸ்’. ஒரு வார்த்தையும் சொல்லாமல் நடையைக் கட்டியவர் ‘வாக்ட் ஆஃப்’. இவை எதிலும் எதுவும் ‘நிற்கவில்லை’. ஒட்டியிருந்த இடத்திலிருந்து, இருந்த இடத்திலிருந்து ஒன்று விலகுகிறது, அவ்வளவுதான். சுவிட்சுக்கான ‘ஆஃப்’ இதிலிருந்து கிளைத்த ஒரு சின்னக் கிளை. தண்ணீரோ எரிவாயுவோ மின்சாரமோ, வந்துகொண்டிருந்த வரத்திலிருந்து துண்டிக்கப்படுவது. நாம் அந்தக் கிளையை மட்டும் ஒடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இதில் உறுதியாகத் தெரிந்த சரித்திரம் கொஞ்சம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இன்றைய ‘ஆஃப்’, ‘கப் ஆவ் டீ’யில் வரும் ‘ஆவ்’ என்ற இரண்டும் ஒரே சொல். அழுத்தி உச்சரித்த வடிவம் ‘ஆஃப்’ ஆகவும், அழுத்தமில்லாமல் வாக்கியத்துக்குள் மறைந்துபோன வடிவம் ‘ஆவ்’ ஆகவும் மெல்லப் பிரிந்தன. அந்தப் பிரிவு முழுமையாக நிலைத்தது 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். ‘இருந்து, நீங்கி’ என்பதே அந்தச் சொல்லின் ஆதிப் பொருள். அதேபோல, துப்பாக்கி வெடிப்பதற்கு ‘தி கன் வென்ட் ஆஃப்’ என்று சொல்வது மின்சார சுவிட்சு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதாவது ‘வெடித்தது’ என்பது மூத்த பொருள். மின்விளக்கு ‘அணைந்தது’ என்பதுதான் பின்னால் வந்தது. முழுதாக யோசிக்காமல் அவசரப்பட்டுக் காரியத்தில் இறங்குபவரை ‘கோயிங் ஆஃப் ஹாஃப் காக்ட்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அதுவும் அந்தத் துப்பாக்கிக் காலத்து மிச்சம். சுத்தியலைப் பாதி இழுத்து வைத்தால் துப்பாக்கி சுடாமல் பத்திரமாக இருக்க வேண்டும்; அந்த நிலையிலேயே வெடித்துவிட்டால் ஆபத்து.

துப்பாக்கியிலிருந்து கடிகாரத்துக்கு இந்தச் சொல் எப்படித் தாவியது என்பதற்கு நான் சொல்லப்போவது ஊகம், ஆனால் பொருந்துகிற ஊகம். சாவி கொடுக்கும் பழைய அலாரம் கடிகாரத்தை உள்ளே திறந்து பார்த்திருந்தால் தெரியும். மணி அடிப்பதற்கென்றே தனியாக ஒரு சுருள்வில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அது விடுபட்டுவிடாமல் ஒரு சின்ன நெம்புகோல் தடுத்துப் பிடித்திருக்கும். குறித்த நேரம் வந்ததும் அந்தத் தடுப்பு நகரும், வில் விடுபடும், சுத்தியல் மணியைப் படபடவென்று அடிக்கும். துப்பாக்கியிலும் நடப்பது இதுவே: இழுத்து வைத்த சுத்தியல், அதைப் பிடித்திருக்கும் தடுப்பு, தடுப்பை விடுவிக்கும் விசை. இரண்டிலும் அடக்கி வைத்த ஒன்று பிடியிலிருந்து நீங்கிக் கிளம்புகிறது. எனவே அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்பதைத் தமிழில் மனசுக்குள் போட்டுக்கொள்ளும்போது ‘அலாரம் கிளம்பிடுச்சு’ என்று போட்டுக்கொள்ளுங்கள். கொச்சையாக இருந்தாலும் ‘ஆஃப்’ என்பதன் உயிர் அதில் இருக்கிறது.

இப்போது விதிக்கு வருவோம். நான் வகுப்பில் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: எழுவாயாக நிற்கும் பொருளின் வழக்கமான நிலை என்ன? ‘கோ ஆஃப்’ அந்த நிலையிலிருந்து அது விலகியதைச் சொல்கிறது. அலாரம், சைரன், வெடிகுண்டு, துப்பாக்கி, பட்டாசு, எலிப்பொறி, கேமராவின் ஃபிளாஷ், காரின் ஏர்பேக் இவையெல்லாம் சும்மா காத்துக்கிடக்கும் பொருள்கள். அவற்றின் இயல்பு மௌனம். அந்த மௌனத்திலிருந்து விலகினால் அடிக்கும், வெடிக்கும், மின்னும், விரியும். விளக்கு, ஹீட்டர், டிவி, மின்சாரம் போன்றவற்றைப் பற்றிப் பேசும்போது அவை ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் நாம் எண்ணுகிறோம். அதிலிருந்து விலகினால் நிற்கும், அணையும். பால், மீன், இறைச்சி இவற்றின் வழக்கமான நிலை ‘நன்றாக இருப்பது’. விலகினால் கெட்டுப்போகும். ஒரு மனிதருக்குக் காபி பிடித்திருந்தது. அந்தப் பிடிப்பிலிருந்து விலகினால் பிடிக்காமல் போகும். ஆள் இங்கே இருந்தார், விலகினால் கிளம்பிவிட்டார். அமைதியாக இருந்தார், விலகினால் பொரிந்து தள்ளிவிட்டார். நீங்கள் எதிரெதிர் என்று நினைத்த அர்த்தங்கள் பெரும்பாலும் இந்த ஒரே அசைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இது மொழியியலாளர்கள் வகுத்த சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கற்பிக்கும்போது உதவுகிற ஒரு பிடிமானம், அவ்வளவே. கைவிடும் இடங்களும் உண்டு, கீழே சொல்கிறேன். மேலே சொன்ன பொருள்களிலேயே ஒன்றிரண்டு இரண்டு பக்கமும் சாயும். தீயணைப்புக்காக உத்தரத்தில் பொருத்தியிருக்கும் ஸ்பிரிங்க்ளர் ‘வென்ட் ஆஃப்’ என்றால் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்தது என்றே பொருள், ஏனென்றால் அது காத்துக்கிடக்கும் சாதனம். தோட்டத்தில் நேரம் வைத்து ஓடும் ஸ்பிரிங்க்ளருக்கு அதே வாக்கியத்தைச் சொன்னால் ஆரம்பித்ததா நின்றதா என்று முன்பின் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். போனும் அப்படித்தான். ‘கூட்டத்துக்கு நடுவில் அவர் போன் வென்ட் ஆஃப்’ என்றால் ஒலித்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனதைச் சொல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘மை போன் டைட்’ என்பார்கள். ‘மை போன் வென்ட் ஆஃப்’ என்று நாம் அந்த அர்த்தத்தில் சொன்னால், கேட்பவர் மனதில் ரிங்டோன்தான் ஒலிக்கும்.

சரி, இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன குடி முழுகிவிடும்? வேலையிடத்தில் நடக்கக்கூடிய ஒரு உரையாடலைப் பாருங்கள். தாமதமாக வந்த ஒருவர், அலாரம் வேலை செய்யவில்லை என்ற எண்ணத்தில், வெளிநாட்டு மேலாளரிடம் ‘சாரி, மை அலாரம் வென்ட் ஆஃப்’ என்கிறார். மேலாளர் முகத்தில் ஒரு கேள்விக்குறி. அலாரம்தான் அடித்துவிட்டதே, அப்புறம் ஏன் தாமதம்? ‘ஸோ... யூ வோக் அப் ஆன் டைம்?’ என்று கேட்கிறார். இவரோ, ‘நோ நோ, இட் வென்ட் ஆஃப், தட் இஸ் ஒய் ஐ ஓவர்ஸ்லெப்ட்’ என்று இன்னும் அழுத்திச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர் திசையில் இழுக்கிறார்கள். அவர் சொல்லியிருக்க வேண்டியது ‘மை அலாரம் டிடின்ட் கோ ஆஃப்’. எதிர்மறையில்தான் ‘அடிக்கவில்லை’ கிடைக்கும். தாமதத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லப்படும் சாக்குகளில் இதைவிடப் பழக்கமான வாக்கியம் இருக்குமா என்பது சந்தேகம், அதனால் இதை ஒரே துண்டாக வாயில் ஏற்றிவைத்துக்கொள்வது லாபம்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய இடம் அது. சிரிக்க முடியாத இடமும் இருக்கிறது. கட்டடங்களில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அறிவிப்பில் ‘இஃப் தி ஃபயர் அலாரம் கோஸ் ஆஃப், லீவ் தி பில்டிங் இமீடியட்லி’ என்று இருக்கும். சுவிட்சுக் காதோடு இதைப் படிக்கிற ஒருவர், அலாரம் நின்ற பிறகு வெளியேறினால் போதும் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. இன்னும் சில அறிவிப்புகளில் ‘சவுண்ட்ஸ்’ என்ற வினையைப் போட்டிருப்பார்கள், அதில் குழப்பம் இல்லை. பல மொழிக்காரர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அறிவிப்பு எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால், தயவுசெய்து ‘சவுண்ட்ஸ்’ என்றே எழுதுங்கள்.

அடுத்து இலக்கணம். பலரும் தடுக்கி விழும் படி இது. அலாரத்துக்கு வரும் ‘கோ ஆஃப்’ செயப்படுபொருள் ஏற்காது. அலாரம் தானே ‘கோஸ் ஆஃப்’. ‘ஐ வென்ட் ஆஃப் தி அலாரம்’ என்று சொல்லவே முடியாது. யாரோ அல்லது எதுவோ அதை அடிக்க வைத்தால் அதற்கு ‘செட் ஆஃப்’. சமையலறைப் புகை அலாரத்தைக் கிளப்பிவிட்டால் ‘தி ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்’. அடித்துக்கொண்டிருப்பதை நிறுத்த ‘டர்ன் ஆஃப்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’, ‘ஷட் ஆஃப்’. காலை ஆறு மணிக்கு அடிக்கும்படி முதல்நாள் இரவே வைப்பதற்கு வெறும் ‘செட்’: ‘ஐ செட் மை அலாரம் ஃபார் சிக்ஸ்’. பாருங்கள், ‘செட் தி அலாரம்’ என்றால் அலாரம் வைத்தேன், ‘செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் அலாரத்தை அலற வைத்தேன். நடுவில் ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம். பட்டாசு கொளுத்தப் பிரிட்டிஷ்காரர்கள் ‘லெட் ஆஃப்’ என்றும் சொல்வார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பார்க்க ஆசையிருந்தால் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ‘தி அலாரம் ஐ ஹேட் செட் ஃபார் சிக்ஸ் வென்ட் ஆஃப் அட் ஃபைவ் அண்ட் வென்ட் ஆன் ஃபார் டென் மினிட்ஸ் பிஃபோர் ஐ டர்ன்ட் இட் ஆஃப்.’ ஆறு மணிக்கு வைத்த அலாரம் ஐந்துக்கே அடித்து, நான் நிறுத்துகிறவரை பத்து நிமிடம் தொடர்ந்து அடித்தது. ‘வென்ட் ஆஃப்’ அடிக்கத் தொடங்கியது, ‘வென்ட் ஆன்’ தொடர்ந்தது. எதிர்ச்சொற்கள் போலத் தோன்றும் இரண்டும் இங்கே ஒன்றை அடுத்து ஒன்றாக வரிசையில் நிற்கின்றன.

காலமும் கவனிக்க வேண்டியது. ‘வென்ட் ஆஃப்’ ஒரு கணத்தைச் சொல்லும். ‘ஹாஸ் பீன் கோயிங் ஆஃப் ஆல் மார்னிங்’ என்றால் காலையிலிருந்து விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் காரின் திருட்டு அலாரத்துக்கு இந்த வாக்கியம் அளவெடுத்துத் தைத்தது.

விளக்குக்கு வருவோம், இங்கே அதிகம் பேச ஒன்றுமில்லை, ஒரே ஒரு நுணுக்கம் தவிர. அணைவதற்கு ‘கோ ஆஃப்’ போலவே ‘கோ அவுட்’ என்றும் உண்டு. மெழுகுவர்த்தி, அடுப்பு நெருப்பு, சிகரெட் போன்ற எரிகிற பொருள்களுக்கு ‘வென்ட் அவுட்’ மட்டும்தான். ‘தி கேண்டில் வென்ட் ஆஃப்’ என்று சொன்னால் மெழுகுவர்த்தி வெடித்துவிட்டதா என்று ஒரு கணம் யோசிப்பார்கள். மின்விளக்குக்கு இரண்டும் ஓடும். சுவிட்சோ டைமரோ ஒன்று கட்டுப்படுத்தி அணைந்ததுபோல் இருந்தால் ‘ஆஃப்’ பக்கம் சாய்வார்கள், ஊரே திடீரென்று இருளில் மூழ்கினால் ‘அவுட்’ பக்கம் சாய்வார்கள். இது சாய்வுதான், கண்டிப்பில்லை. கார் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ‘கேம் ஆன்’, அணைந்தால் ‘வென்ட் ஆஃப்’. எச்சரிக்கைச் சத்தத்துக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் ஒலித்தது, எச்சரிக்கை விளக்குக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. ஒரே காருக்குள் இரண்டும் நடக்கும்.

பால் கெடுவது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘கான் பேட்’, ‘ஸ்பாயில்ட்’ என்பார்கள். ஆனால் ஏதோ சரியில்லை என்று மூக்கைச் சுளிக்கும்போது ‘இட் ஸ்மெல்ஸ் ஆஃப்’ என்பது அவர்களிடமும் உண்டு. எல்லா உணவும் ‘ஆஃப்’ ஆகாது. ரொட்டி காய்ந்துபோனால் ‘ஸ்டேல்’, பூஞ்சை பிடித்தால் ‘மோல்டி’, எண்ணெயும் வெண்ணெயும் சிக்கு நாற்றம் அடித்தால் ‘ரான்சிட்’, பழம் அழுகினால் ‘ராட்டன்’. ‘ஆஃப்’ முக்கியமாகப் பால், இறைச்சி, மீன் வகையறாவுக்கு. இங்கே ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் உணவகத்தில் பணியாளர் வந்து ‘தி ஃபிஷ் இஸ் ஆஃப்’ என்றால் மீன் நாறுகிறது என்று பதற வேண்டாம். பட்டியலில் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு இல்லை என்கிறார். அதே வாக்கியத்தைத் தட்டில் வந்த மீனை முகர்ந்துவிட்டு நீங்கள் சொன்னால், சமையல்காரர் ஓடிவருவார்.

‘ஐ ஹாவ் கான் ஆஃப் காஃபி’ என்ற பயன்பாடும் பிரிட்டிஷ் பக்கத்தைச் சேர்ந்தது. முன்பு விரும்பிக் குடித்தேன், இப்போது ஏனோ பிடிப்பதில்லை. ‘ஐ டோன்ட் லைக் காஃபி’ என்பதில் இந்த ‘முன்பு பிடித்தது’ கிடையாது. அந்தக் கூடுதல் தகவலைக் கொடுப்பதற்காகவே இது இருக்கிறது. கர்ப்ப காலத்தில் சில உணவுகள் திடீரென்று ஒவ்வாமல் போவதைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான ஆங்கிலம் இல்லை. ஆள் மேல் இருந்த ஈர்ப்பு வடிந்துபோனதற்கும் இதே: ‘ஷி ஹாஸ் கான் ஆஃப் ஹிம்’. கவனியுங்கள், இங்கே மட்டும் ‘ஆஃப்’ஐத் தொடர்ந்து ஒரு பெயர் வருகிறது, அதைப் பிரிக்கவும் முடியாது. ‘டர்ன் இட் ஆஃப்’ என்று நடுவில் ‘இட்’ நுழைவதுபோல் ‘கான் இட் ஆஃப்’ என்று நுழைக்க முடியாது, ‘கான் ஆஃப் இட்’ என்பதுதான் சரி. ஆகவே, ‘ஆஃப்’ முடிந்ததும் முற்றுப்புள்ளியா, இல்லை ஒரு பொருளோ ஆளோ வருகிறதா என்று பார்ப்பது உங்கள் இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும்.

மனிதர்கள் எழுவாயாக வரும்போது ‘ஆஃப்’புக்கு அடுத்து நிற்கும் சின்னச் சொல்தான் தலையெழுத்தை மாற்றும். ‘வென்ட் ஆஃப் டு வொர்க்’ வேலைக்குக் கிளம்பினார். ‘வென்ட் ஆஃப் வித் மை அம்ப்ரெல்லா’ என் குடையைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ‘வென்ட் ஆஃப் வித் ஹிஸ் நெய்பர்’ என்றால், நிலைமை குடையைவிடச் சிக்கல். ‘வென்ட் ஆஃப் ஆன் மீ’ என்பது அமெரிக்கப் பேச்சு: என்மேல் எரிந்து விழுந்தார். ‘வென்ட் ஆஃப் ஆன் எ டான்ஜென்ட்’ என்றால் பேச்சை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். பிரிட்டிஷ்காரர்கள் இதில் ‘ஆன்’ என்பதற்குப் பதில் ‘அட்’ போடுவார்கள். குழந்தை ‘ஹாஸ் கான் ஆஃப்’ என்று பிரிட்டிஷ் தாய் கிசுகிசுத்தால் தூங்கிவிட்டது என்று அர்த்தம், அதனால் கதவை மெதுவாகச் சாத்துங்கள். சமூக ஊடகங்களில் இளைஞர்கள் ஒருவரை உற்சாகப்படுத்தி ‘கோ ஆஃப்!’ என்று போடுவதையும் பார்த்திருப்பீர்கள். ‘அசத்து, வெளுத்து வாங்கு’ என்ற மாதிரி. பின்னால் ‘ஐ கெஸ்’ ஒட்டிக்கொண்டால் நக்கல். இந்த வகைப் பேச்சு வேகமாக மாறும், நீங்கள் பயன்படுத்தப் போகாதீர்கள், புரிந்தால் போதும்.

என் விதி காலை வாரும் இடம் நிகழ்ச்சிகள். ‘தி செரமனி வென்ட் ஆஃப் வெல்’ என்றால் விழா நல்லபடியாக நடந்தேறியது. ‘வென்ட் ஆஃப் வித்தவுட் எ ஹிட்ச்’ என்றால் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. இதில் எது எதிலிருந்து விலகியது என்று தேடினால் தலைவலிதான் மிஞ்சும். வெடிக்க வைத்தது சரியாக வெடித்ததுபோல், திட்டமிட்டது சரியாகக் கிளம்பி நடந்தது என்று வேண்டுமானால் சமாதானம் செய்துகொள்ளலாம். அதைவிட, ‘வெல்’, ‘ஸ்மூத்லி’, ‘வித்தவுட் எ ஹிட்ச்’ போன்ற சொற்கள் பின்னால் வந்தால் ‘நடந்தது’ என்று நேரடியாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அந்த வால் இல்லாமல் ‘தி மீட்டிங் வென்ட் ஆஃப்’ என்று மட்டும் சொன்னால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். கூட்டம் ரத்தானது என்று சொல்ல நினைத்து இப்படி எழுதுபவர்கள் உண்டு. அதற்கு ‘தி மீட்டிங் இஸ் ஆஃப்’ அல்லது ‘வாஸ் கால்ட் ஆஃப்’. தள்ளிப்போட்டால் ‘புட் ஆஃப்’.

இவ்வளவு தலைசுற்றலுக்கும் உங்களுக்கு ஆறுதலாக ஒன்று. ஆங்கிலேயர்களுக்கே இது அந்நியர்களைப் படுத்தும் என்று தெரியும். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையில், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் அந்நியர்களுக்கு மிகப் பெரிய இடர்ப்பாட்டைத் தருகிறது என்று எழுதியிருக்கிறார். அவர் கொடுத்த உதாரணங்களிலேயே ‘ஆஃப்’ பலமுறை வருகிறது. இப்படிச் சிறு சொல் சேர்ந்த வினைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரே அதற்குப் பிறகு மிகத் தாமதமாக, 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

தமிழிலும் ஆங்கிலம் பேசுகிறவர் வந்து முட்டிக்கொள்ள இதற்கு நிகரான ஒன்று இருக்கிறது. பால் கெட்டுப்போச்சு, விளக்கு அணைஞ்சு போச்சு, கரண்ட் போச்சு, அவன்மேல இருந்த ஆசையே விட்டுப்போச்சு. எல்லாவற்றிலும் ‘போ’ உட்கார்ந்திருக்கிறது, எதுவும் எந்த இடத்துக்கும் நடந்து போகவில்லை. ‘கோ ஆஃப்’ செய்யும் வேலையில் பாதியை நம் ‘போ’ அப்படியே செய்கிறது, அதனால்தான் பாலும் விளக்கும் காபியும் உங்களுக்குச் சட்டென்று பிடிபட்டன. நம் ‘போ’ பெரும்பாலும் இழப்பின் பக்கம் சாய்ந்தது. அடங்கிக் கிடந்தது திமிறிக் கிளம்புவதை அது சொல்வதில்லை. அந்த மீதிப் பாதிக்கு, அதாவது அலாரம், வெடி, துப்பாக்கிக்கு மட்டும், நீங்கள் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. மனப்பாடம் என்று ஒன்று தேவையென்றால் அந்தப் பாதிக்கு மட்டும் செய்யுங்கள்.

கடைசியாக மின்னஞ்சல். சக ஊழியருக்கு எழுதும்போது ‘தி அலாரம் வென்ட் ஆஃப் அட் த்ரீ’ தாராளமாக எழுதலாம், அது கொச்சை இல்லை, செய்தித்தாள்களும் அப்படித்தான் எழுதுகின்றன. விபத்து அறிக்கை, காப்பீட்டுக் கோரிக்கை, வாடிக்கையாளருக்கான கடிதம் என்று வந்தால் பொருளுக்கு ஏற்ற தனிச்சொல்லைப் போடுங்கள்: அலாரத்துக்கு ‘சவுண்டட்’ அல்லது ‘வாஸ் ட்ரிகர்ட்’, வெடிபொருளுக்கு ‘எக்ஸ்ப்ளோடட்’ அல்லது ‘டெட்டனேட்டட்’, துப்பாக்கிக்கு ‘டிஸ்சார்ஜ்ட்’, ஏர்பேக்குக்கு ‘டிப்ளாய்ட்’, உணவுக்கு ‘ஸ்பாயில்ட்’, மின்சாரத்துக்கு ‘ஃபெயில்ட்’. ‘கான் ஆஃப் காஃபி’, ‘வென்ட் ஆஃப் ஆன் மீ’ இரண்டையும் அலுவலகக் கடிதத்தில் தவிர்த்துவிடுங்கள். முதலாவது அமெரிக்கருக்குப் புரியாமல் போகலாம், இரண்டாவது புகார் மனுவில் கோள் சொல்வதுபோல் ஒலிக்கும். அதற்கு ‘ஷௌட்டட் அட் மீ’ என்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம்.